மவுத்பீஸில் பதிந்த பல்

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கணவனின் புகைப்படத்தோடு வருவார்கள். மிச்சக் கால்வாசிப் பேர் மனைவியின் புகைப்படத்தோடு. அதனால் அன்று காலை பரீதா கைப்பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பிரித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. உள்ளே நடுவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்புச் சாமான். ஒரு முனை உருளையாக இருந்தது. மறுமுனை வாத்தின் அலகு மாதிரி சரிந்திருந்தது.

"இதோட புருஷன் எங்க போயிட்டான்னு கண்டுபிடிக்கணுமா?" என்று கேட்டேன்.

பரீதா சிரிக்கவில்லை. ரோஷினி என்னை முறைத்தாள். அந்த முறைப்புக்குச் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது என்பதால் நான் தாராளமாக வாங்கிக்கொள்வேன்.

நான் சிவமணி. டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன். நாள் முழுக்க உட்கார இடுப்பு மறுத்தபின், டன்லப் ஸ்த்ரீட்டில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் நடத்தும் ரோஷினியிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். அவளுக்கு என் மகள் வயது. மகளை அதட்டலாம், பாஸை அதட்ட முடியாது. மற்றபடி பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

பரீதா சொன்னதை நானே சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், அவள் நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்ததால் நேரமாகும். குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய புளோக்கின் கீழ்த்தளத்தில் ஊதுகருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறை அவளுடையது. ஆங் மோ கியோ பக்கம் ஒரு சமூக மன்றத்தில் பயிற்சி செய்யும் வாத்தியக் குழுதான் அவளுக்கு முக்கிய வாடிக்கை. அந்தக் குழுவின் கிளாரினெட் கலைஞர் ஜேசுதாசன், அலுவலகக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய மரக் கிளாரினெட் போன வருஷம் விரிசல் விட்டது. அதிலிருந்து குழுவின் கருவியொன்றை இரவல் வாங்கி வாசித்துவந்தார். இப்போது சனிக்கிழமை அவர் மகளுக்குத் தேவாலயத்தில் கல்யாணம். மணப்பெண் உள்ளே நடந்து வரும்போது அப்பா தன் சொந்தக் கிளாரினெட்டை வாசிப்பது என்று அப்பாவும் மகளும் எப்போதோ பேசி வைத்திருக்கிறார்கள். அதனால் கருவியைப் பரீதாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவள் விரிசலை அடைத்து, துளைகளை மூடும் சாவிகளுக்குப் புது மெத்தைப் பட்டை போட்டு, துடைத்து மினுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஜேசுதாசனின் செய்தி வந்தது. 'பரீதா திருப்பிக் கொடுத்தது என்னுடைய மவுத்பீஸ் இல்லை. என் பல்லே சாட்சி.' அதோடு நிற்காமல் மவுத்பீஸைக் கொண்டுவந்து அவள் மேஜையிலேயே வைத்துவிட்டும் போனார். அதுதான் எங்கள் முன்னால் இருந்த கறுப்புச் சாமான்.

ரோஷினி அதைக் கையில் எடுத்தாள். கிளாரினெட்டின் உச்சியில், வாய்க்குள் போகும் பகுதி அது என்று பரீதா விளக்கினாள். அடியில் மெல்லிய நாணல் பட்டையை வைத்துக் கட்டுவார்கள். வாசிப்பவரின் மேல்பல் மேற்பக்கத்தில் பதிந்து நிற்கும். ஒரே ஆள் வருஷக்கணக்கில் வாசித்தால் பல் பட்ட இடம் குழியாகிவிடும். ரோஷினி நகத்தால் தடவிப் பார்த்தாள். இரண்டு குழிகள் இருந்தன, நடுவில் வரப்பு மாதிரி தேயாத மேடு ஒன்று.

"அவரு மவுத்பீஸ்லயும் ரெண்டு குழி இருந்துச்சாம்க்கா," என்றாள் பரீதா. "ஆனா இந்தக் குழியில அவரு பல்லு உக்காரலையாம். அதனால வேற யாரோடதையோ குடுத்துட்டேங்கிறாரு."

"நீ மாத்தினியா?"

"இல்லக்கா."

"வேற யாராவது மாத்தியிருக்கலாமா?"

"பட்டறையில நான் மட்டும்தான். அதான் பிரச்சனையே."

பழுது பார்க்கும் பாகங்களை எல்லாம் அவள் முன்னும் பின்னும் படம் எடுத்து வைப்பது வழக்கம். மவுத்பீஸில் ஒரு வேலையும் இல்லாததால் அதை மட்டும் எடுக்கவில்லை. இதற்குள் குழுவில் ஒரு வதந்தி கிளம்பியிருந்தது. பழைய மவுத்பீஸ்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்களாம், அசலைப் பரீதா தேக்காவில் ரெங்கசாமியின் வாத்தியக் கடைக்குத் தள்ளிவிட்டாளாம். இன்று சாயங்காலம் பயிற்சிக்கு முன்னால் குழு கூடுகிறது, கருவிகளை வேறு பட்டறைக்கு மாற்றலாமா என்று முடிவு செய்ய.

"கடை போனா வேற வேலை தேடிக்குவேன்க்கா," என்றாள். "திருடிங்கிற பேரோட எந்த வேலைக்குப் போறது?"

எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ரெங்கசாமியின் கடை எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். நான் காரில் போகலாம் என்றேன். கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் சாயங்காலமாகிவிடும் என்றாள் ரோஷினி. நடந்தோம். கடை வாசலில் ஆர்மோனியங்களும் தபேலாக்களும், பள்ளிப் பிள்ளைகளுக்கான பிளாஸ்டிக் குழல்களும் குவிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே ரெங்கசாமி இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குறுக்கு விசாரணைக்கு ஏற்ற சமயம், வாய் நிறைய இருக்கும்போது மனிதன் பொய் சொல்ல அவசரப்பட மாட்டான்.

"பரீதாவா? எனக்கு எதையும் விக்கல," என்றார் விழுங்கிவிட்டு. "பழைய மவுத்பீஸை வாங்கி நான் என்னம்மா பண்றது? புதுசே இங்க தூங்குது."

"அப்ப இந்த வதந்தி எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் ரோஷினி.

"ஜேசுதாசன் என் கடைக்கு வந்ததை யாராச்சும் பாத்திருப்பாங்க. தேடிக்கிட்டு வந்தாருன்னு நெனச்சிருப்பாங்க."

ரோஷினி ஒரு ஆர்மோனியத்தின் மேல் உட்காரப் போனவள், விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டாள். ஜேசுதாசன் எதற்கு வந்தார் என்று கேட்டாள்.

இரண்டு நாள் முன்னால் அவர் கிளாரினெட்டோடு வந்தாராம். முகத்தில் மாஸ்க். மாஸ்க்குக்கு மேலே கண்ணில் கொதிக்கிற கோபம். பரீதாவைப் பற்றி நாலு வார்த்தை திட்டிவிட்டு, கடையில் இருக்கும் கிளாரினெட் மவுத்பீஸ் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். மாணவர்களுக்கான மலிவு ரகத்திலிருந்து, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்த உயர்ந்த ரகம் வரை அத்தனையையும் தட்டில் வைத்துக் கொடுத்தார் ரெங்கசாமி. ஜேசுதாசன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அப்புறம் வந்துச்சு பாருங்க சத்தம், ஒவ்வொண்ணும் குக்கர் விசிலு. பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து என்ன அண்ணே அறுக்குறீங்கன்னு கேட்டுட்டுப் போனாரு."

"அவரு நல்லா வாசிக்கிறவரா?" என்று கேட்டேன்.

ரெங்கசாமிக்குக் கோபமே வந்துவிட்டது. ஜேசுதாசன் ஒருமுறை இதே கடையில் ஒரு குழந்தை கேட்ட பிளாஸ்டிக் குழலை வாங்கி வாசித்துக் காட்ட, தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்களாம். ரப்பர் குழாயைக் கொடுத்தாலும் அந்த மனிதர் பாட்டாக்கிவிடுவார் என்றார்.

"வெளிய வந்ததும் என்ன சொன்னாரு?" என்றாள் ரோஷினி.

"ஒண்ணும் சொல்லல. எல்லாத்தையும் துடைச்சு வச்சுட்டு, மன்னிச்சுக்குங்க அண்ணேன்னுட்டுப் போனாரு. எதுவும் வாங்கல."

"கோவமா போனாரா?"

ரெங்கசாமி யோசித்தார். "இப்பதான் எனக்கே படுதும்மா. வரும்போதுதான் கோவம். போகும்போது கோவமே இல்ல. தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போனாரு."

ரோஷினியின் வலது புருவம் மேலே ஏறியது. அது ஏறினால் வழக்கு பாதி முடிந்ததென்று அர்த்தம். மீதிப் பாதியை எனக்குச் சொல்லாமல் வைத்திருப்பாள் என்றும் அர்த்தம்.

தெருவுக்கு வந்ததும் என் ஊகத்தைச் சொன்னேன். எந்த மவுத்பீஸைப் போட்டாலும் கீச்சிடுகிறது என்றால் கெட்டது மவுத்பீஸ் இல்லை, கிளாரினெட். பரீதா விரிசலை ஒழுங்காக அடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"அப்படின்னா அவருக்குப் பரீதாமேல இன்னும் ரெண்டு மடங்கு கோவம் வந்திருக்கணும் அண்ணே," என்றாள். "இருந்த கோவமும் எங்க போச்சு?"

"எங்க போச்சு?"

"அவரு வீட்டுக்கு, மார்சிலிங்குக்குப் போச்சு. காரை எடுங்க."

போகும் வழியெல்லாம் நான் சாலைக் கட்டணத்தைப் பற்றிப் புலம்பினேன், அவள் மவுத்பீஸை விரலில் உருட்டிக்கொண்டே வந்தாள். வேறு யாராவது இதை உள்ளே போட்டு மாற்றியிருப்பார்களா, கல்யாணத்தைக் கெடுக்க நினைக்கும் எதிரி யாராவது உண்டா என்று நான் அடுக்கிய சந்தேகங்களுக்கெல்லாம் ஊம் கொட்டினாள். எல்லை தாண்டும் காஸ்வே பாலத்தின் நெரிசல் தெரிகிற தூரத்துக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் ஜோகூருக்கு, எங்கள் பேச்சில் ஜேபிக்கு, இத்தனை பேர் எதற்காகப் போகிறார்கள் என்று கேட்டாள். என் பழைய பயணிகளை நினைத்துச் சொன்னேன்: மலிவாகக் கிடைக்கும் எல்லாவற்றுக்கும். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

கதவைத் திறந்த ஜேசுதாசன் மாஸ்க் போட்டிருந்தார். ஜலதோஷம், தள்ளி உட்காருங்கள் என்றார். மரியாதையான மனிதர். எங்கள் தொழிலைச் சொன்னதும் முகம், அதாவது முகத்தில் தெரிந்த பாதி, வெளிறியது. ஆனாலும் எங்களுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்து, ஒரு டப்பாவைத் திறந்து வாழைப்பழ கேக் வைத்தார். தனக்கு மட்டும் ஐஸ் லெமன் டீ ஊற்றிக்கொண்டு, ஸ்ட்ராவை மாஸ்க்குக்கு அடியில் நுழைத்து உறிஞ்சினார். ஜலதோஷத்தோடு ஐஸ் குடித்தால் என் மனைவி என்னை மின்தூக்கி வரைக்கும் துரத்தியிருப்பாள்.

வரவேற்பறைச் சுவரில் ஏசுநாதர் படம். அதற்குப் பக்கத்தில், அதைவிடக் கொஞ்சம் பெரிய சட்டத்தில், மகள் சுபாங்கியின் பல் மருத்துவப் பட்டம். அதற்கும் கீழே வாத்தியக் குழு ஏதோ பரிசு வாங்கிய படம். முன்வரிசையில் கிளாரினெட்டோடு நிற்கும் ஜேசுதாசன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ரோஷினி அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

மவுத்பீஸ் விஷயம் என்ன ஆனது என்று நான் பேச்சை ஆரம்பித்தேன். போனது போகட்டும், பரீதாமேல் புகார் எதுவும் கொடுக்கப் போவதில்லை என்றார். அப்படியானால் வாட்ஸ்அப்பில் போட்டதைத் திரும்பப் பெறலாமே என்றேன். கண்ணை எங்கேயோ திருப்பிக்கொண்டு, அதைக் குழு பார்த்துக்கொள்ளும் என்றார். பறிகொடுத்த பொருளைப் பற்றி இவ்வளவு சாந்தமாகப் பேசுகிறவரை நான் பார்த்ததில்லை.

"கேக் ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றாள் ரோஷினி, படத்தை விட்டுத் திரும்பாமல். "ஜேபில வாங்கினதா?"

"மார்சிலிங்ல குடியிருந்துட்டு ஜேபி போகாம இருக்க முடியுமாம்மா? மளிகைக்குப் போவோம், முடிவெட்டப் போவோம், மூக்குக்கண்ணாடிக்குப் போவோம்."

"பல்லுக்கு?"

ஸ்ட்ராவில் ஏறிக்கொண்டிருந்த லெமன் டீ பாதியில் நின்றது.

ரோஷினி மவுத்பீஸைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். படத்தில் ஜேசுதாசனின் இரண்டு முன்பற்களுக்கு நடுவே சாத்தே இறைச்சி குத்துகிற குச்சி நுழைகிற அளவுக்கு இடைவெளி. மவுத்பீஸில் இரண்டு குழி, நடுவே தேயாத மேடு. இந்த மவுத்பீஸைக் கடித்தவர் படத்தில் சிரிக்கிறவர்தான். குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"சார், யாரும் உங்க மவுத்பீஸை மாத்தல," என்றாள் ரோஷினி. "மாஸ்க்கைக் கழட்டுங்க."

கழற்றினார். உள்ளே இடைவெளியே இல்லாமல், வரிசை பிசகாமல், விளம்பரத்தில் வருகிற மாதிரி வெள்ளை வெளேர் என்று பற்கள். நன்றாகத்தான் இருந்தன. அவர்தான் திருடனைப் போல உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டாரோடு கடல் உணவு விருந்து. நண்டு ஓட்டைப் பல்லால் கடித்து உடைக்காதீர்கள் என்று சுபாங்கி எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். அதற்காகவே நண்டுக் காலை வாயில் வைத்துக் கடித்தார். நண்டு ஜெயித்தது. மாப்பிள்ளையும் பல் டாக்டர், மாப்பிள்ளையின் அம்மாவும் பல் டாக்டர். அந்த மேஜையில் நண்டைத் தவிர எல்லாருக்கும் பல் வைத்தியம் தெரியும். இரண்டு முன்பற்களைக் கைக்குட்டையில் துப்பி மடித்துக்கொண்டு, விருந்து முடியும்வரை உதட்டை மூடியே புன்னகைத்தார். மறுநாள் ஜலதோஷம் என்று மாஸ்க் போட்டார், காஸ்வேயைக் கடந்தார். கிளாரினெட் அப்போது பரீதாவின் பட்டறையில் இருந்தது. அது திரும்பி வருவதற்குள் ஜோகூர் டாக்டர் விழுந்த பற்களுக்குப் பதில் நெருக்கமாக, அழகாக பிரிட்ஜ் கட்டிவிட்டார்.

கருவி வந்த அன்று வாயில் வைத்தார். பல் உட்காரவில்லை. புதுப்பல் அதற்குள் சொந்தப் பல் மாதிரி பழகிவிட்டிருந்ததால் அது ஞாபகத்துக்கே வரவில்லையாம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவனைப் போல, ஆத்திரத்தில் அந்தச் செய்தியைப் போட்டுவிட்டார்.

"ரெங்கசாமி கடையிலதான் புரிஞ்சுது, இல்லையா?" என்றாள் ரோஷினி.

"ஆமாம்மா. எதை வச்சாலும் கீச்சுன்னு கத்துது. புதுப் பல்லு உடைஞ்சிடுமோன்னு பயந்து நான் பல்லை வைக்கவே இல்ல, அப்புறம் எப்படி நிக்கும்? அங்கதான் உறைச்சுது."

"உறைச்ச பிறகும் சும்மா இருந்தீங்க."

அவர் மகளின் பட்டத்தை நிமிர்ந்து பார்த்தார். "மகள் பல் டாக்டர், அப்பன் ஜேபில போய்ப் பல்லு கட்டிட்டு வந்தான்னா அவ கிளினிக்கை யாரும்மா மதிப்பாங்க? சம்பந்தி வீட்ல என்ன நெனப்பாங்க? கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மகளைப் பெற்றவன் என்பதால் இரண்டும் சேர்ந்தே வந்தன.

"உங்க பல்லைப் பத்தித் தெரிஞ்சா ஒரு வாரம் சிரிப்பாங்க சார். பரீதாவைப் பத்தி நீங்க எழுதினது அப்படியே இருந்தா, இன்னைக்குச் சாயங்காலத்தோட அவ பட்டறை முடிஞ்சுது. நான் பரீதாவோட ஆளு. கண்டுபிடிச்சதை அங்க வந்து சொல்லத்தான் போறேன். நீங்களே முந்திக்கிட்டா நல்லாருக்கும்."

"சுபாங்கி அங்க வருவாளே," என்றார். "கல்யாணப் பாட்டைக் கேக்கணும்னு சொல்லியிருக்கா."

ரோஷினி மவுத்பீஸை அவர் மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். அந்த ஒரே தடயத்தை அங்கே விட்டுவிட்டு வருவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மின்தூக்கியில் அதைச் சொன்னேன். அவர் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். போட்டால் நான் ஆளைத் தப்பாகக் கணித்தேன் என்று அர்த்தம் என்றாள். அவள் குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

சாயங்காலம் சமூக மன்றத்தின் மாடி அறையில் குழு கூடியது. பரீதா கடைசி வரிசையில் தன் சாமான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, அதனால் நான் போய் உட்கார்ந்தேன். கிளினிக் உடையிலேயே சுபாங்கி வந்து சேர்ந்தாள். ஜேசுதாசன் மட்டும் வரவில்லை. குழுத் தலைவி அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில், சம்பந்தப்பட்டவர் இல்லாவிட்டாலும் முடிவெடுத்துவிடலாம் என்றார். பட்டறையை மாற்றச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். சில கைகள் உயர்ந்தன. இன்னும் சில உயர ஆரம்பித்தன. ரோஷினி எழுந்து நின்றாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது.

ஜேசுதாசன் கிளாரினெட் பெட்டியோடு நேராக நடுவில் வந்து நின்றார். மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"அந்த மவுத்பீஸ் என்னோடதுதான்," என்றார். "பரீதா எதையும் மாத்தல. பல்லை மாத்தினது நான். ஜேபில போய் மாத்தினேன். ரெண்டு நாளா எனக்கு இது தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

டிராம்போன்காரர் ஒருவர் சிரித்தார். பிறகு தனியாகச் சிரிப்பதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார்.

சுபாங்கி எழுந்து அப்பாவிடம் போனாள். எல்லார் முன்னாலும் அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, ஆ காட்டச் சொன்னாள். கைப்பேசி விளக்கை அடித்து உள்ளே பார்த்தாள். மேலே பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள்.

"பிரிட்ஜ் நல்லாத்தான் கட்டியிருக்காங்க," என்றாள் வேண்டாவெறுப்பாக. விளக்கை அணைத்தாள். "என்கிட்ட வாயைத் திறக்க உங்களுக்கு என்னப்பா பயம்?"

"நீ திட்டுவியோன்னுதான்."

"திட்டுவேன்தான். திட்டிட்டு நான் கட்டி விட்டிருக்க மாட்டேனா?" என்று கேட்டாள். அவர் மகளின் தலையில் கை வைத்தார். தூக்கியிருந்த கைகள் எல்லாம் எப்போது இறங்கின என்று நான் கவனிக்கவில்லை. குழுத் தலைவி கடைசி வரிசை வரைக்கும் நடந்து வந்து பரீதாவிடம் வருத்தம் தெரிவித்தார். கருவிகள் எங்கேயும் போகாது என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ரோஷினி மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள், பேச வேண்டிய வசனம் வீணான வருத்தத்தோடு.

ஜேசுதாசன் பரீதாவிடம் வந்தார். மன்னித்துவிடு என்றார். பரீதா தன் பெட்டியைத் திறந்து மவுத்பீஸ்களை வரிசையாக நாற்காலியில் அடுக்கினாள். அவர் கண்ணைப் பார்க்காமல் பல்லை மட்டும் பார்த்தாள்.

முதலாவதைக் கிளாரினெட்டில் செருகிப் பார்த்தாள், ஆடியது. இரண்டாவது பொருந்தியது, ஆனால் அவளே ஊதிப் பார்த்தபோது, இந்தப் பழைய கருவியின் துளை ஒடுக்கம் என்பதால் மேல் சுரங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. மூன்றாவதன் அலகு செங்குத்தாக இருந்தது, வாயை அகலத் திறக்க வேண்டும், புதுப்பல்லுக்கு அது ஆகாது என்று ஒதுக்கினாள். நான்காவதன் அலகு தாழ்வாக, பட்டையாகச் சரிந்திருந்தது. யார் பல்லும் படாத புதுசு. அதன் மேற்பக்கத்தில் ஒரு ரப்பர் பட்டையை ஒட்டி, நாணலைக் கட்டி அவரிடம் நீட்டினாள்.

"மேல் பல்லை வைங்க. வச்சு அழுத்துங்க."

அவர் வைத்தார். அழுத்தவில்லை. கீச்சென்றது. கண் தானாக மகளிடம் போனது.

"கடிங்கப்பா," என்றாள் சுபாங்கி. "உடைஞ்சா நான் கட்டி விடுறேன்."

கடித்தார். முதல் சுரம் காற்றாக வந்தது. அடுத்தது குரலாக வந்தது. அதற்கப்புறம் அவர் யாரையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கல்யாணப் பாட்டை ஆரம்பத்திலிருந்து வாசித்தார். ரெங்கசாமி சொன்னது உண்மைதான். எனக்குச் சங்கீதம் பிடிபடாது, இருந்தும் எழுந்து நின்று கேட்டேன்.

பாட்டு ஒரு சுற்று முடிந்ததும் அவர் மறுபடியும் பரீதாவைப் பார்த்துப் பேச வாயெடுத்தார். அவள் மிச்ச மவுத்பீஸ்களைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

"சனிக்கிழமை நீங்க நல்லா வாசிக்கணும் அங்கிள், அதுக்குத்தான் இதைப் பாத்துக் குடுத்தேன்," என்றாள். "மன்னிக்கிறதைப் பத்தி அப்புறம் பேசலாம். இன்னைக்கு எனக்குக் கோவமாத்தான் இருக்கு."

அவர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். சுபாங்கி கேட்டாள் என்று பாட்டை மறுபடி எடுத்தார். பரீதா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள், நானும் ரோஷினியும் பின்னால் போனோம். கதவில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். போகவும் மனமில்லை, திரும்பவும் மனமில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது.

"மேல் சுரம் இறங்கிக் கேக்குது அங்கிள்," என்றாள் திரும்பாமலே. "பேரலைக் கொஞ்சம் உள்ள தள்ளுங்க."

அவர் வாசிப்பதை நிறுத்தி, மவுத்பீஸுக்குக் கீழே இருந்த அந்தக் குட்டைக் குழாயை உள்ளே தள்ளினார். மறுபடி ஊதினார். அது சரியாக நிற்கும்வரை இருந்து கேட்டுவிட்டுத்தான் பரீதா கதவைத் திறந்தாள்.